ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்

ஜூன் 8, ஞாயிறு

முட்டி எப்படி இருக்கிறது என்று தினமும் ஒரு வரியாவது எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி பிரிசில்லா மேடம். எழுதிவிட்டேன்: வலிக்கிறது. மிச்சப் பக்கத்தைக் காலியாக விடுவானேன், என் வயிற்றெரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

ஒரு மாதம் ஓட்டலாம் என்று வளர்த்து வைத்திருந்த அரக்கனை இன்று பஜ்ஜி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அவனுக்கு ஊர், பேர், அம்மா வழிச் சொந்தம் வரை யோசித்திருந்தேன். வாயைத் திறக்கவே விடவில்லை பாவிகள். ஃபர்ஸானா குகை வாசலில் எண்ணெயை ஊற்றினாள், திருமூர்த்தி தீப்பந்தத்தைத் தட்டிவிட்டான், நவநீதன் மேலேயிருந்து பாறையை உருட்டினான். தீர்ந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கிற விளையாட்டு இது. பலகை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள டைஸ் சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் பலித்தது. கதை சொல்பவளுக்கு மாஸ்டர் என்று பெயர். பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் வரிசையில் நான் கதை மாஸ்டர். என் கணவன் நவநீதன் அதில் இரும்பன் என்கிற வாள்வீரன். என் பள்ளித் தோழி ஃபர்ஸானா வெளியே பல் டாக்டர், உள்ளே சுழலி என்கிற மந்திரக்காரி. நவநீதனோடு காலேஜில் படித்த திருமூர்த்தி கணபதி ஏரியாவில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறான். மேசையில் அவன் நிழல் என்கிற திருடன். இந்த மூவரும் தோற்று நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

கை கழுவிவிட்டு வந்த திரு, "மாஸ்டருங்க, ஜூலை பத்தொம்பது எல்லாரும் லீவு போட்டாச்சுங்க. ஏழுபாறை மலை ஏறப் போறோம்" என்றான்.

"ஜூலைல அங்க மழை வெளுத்து வாங்கும். பாரஸ்ட்டுல விடவே மாட்டாங்க."

"பாரஸ்ட்ட யாருங்க கேக்கறது? எங்க சித்தப்பா எஸ்டேட் வழியா பூந்து, நீலிப்பள்ளத்தத் தாண்டினா அந்தப் பக்கம் ஏழுபாறைதானுங்க."

நீலிப்பள்ளம் என்பது காட்டாறு. கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கலாம்.

"தண்ணி வந்தா?"

"தாண்டுவோம்" என்றார்கள். மூன்று பேரும், ஒரே குரலில், வாயில் பஜ்ஜியோடு.

நவநீதன் என் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினான். இவனுக்கு முன்பே தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்.

ஜூன் 9, திங்கள்

முட்டி: மடக்கினால் வலி. நீட்டினால் பரவாயில்லை.

முன்பெல்லாம் அடிபட்ட கார்களை நேரில் போய்ப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவேன். இப்போது போட்டோவைப் பார்த்து எழுதுகிறேன். சுவரில் மோதிய ஆட்கள் எல்லோரும் சுவர்தான் வந்து மோதியது என்கிற தொனியில் எழுதித் தருகிறார்கள். ஒருத்தராவது 'நான் பார்க்கவில்லை' என்று எழுதினால் கும்பிடலாம்.

ஜூன் 11, புதன்

நவநீதன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். வழிகாட்டியாக எஸ்டேட் ஆள் ஒருவரையாவது கூட்டிப் போகலாமே என்றேன். மழை விட்டபிறகு டிசம்பரில் போகலாமே என்றேன்.

"நீ ஏன் கோகி இப்பிடிப் பயப்படற? பிப்ரவரில நீ விழுந்தப்ப என்ன ஆச்சு? ஒருத்தரையும் கூப்பிடாம நாங்களே தூக்கிட்டு எறங்கினோம்ல?"

அந்தக் கதை பால்காரருக்குக்கூடத் தெரியும். இரண்டு மூங்கில், நாலு சட்டை, அதில் நான். திரு சொன்னால் சிரிப்பு வரும், ஃபர்ஸானா சொன்னால் மெய் சிலிர்க்கும். அந்தக் கதையில் நான் விழுவது ஒரு வரி. என்னைத் தூக்குவது ஒரு மணி நேரம். அன்றிலிருந்துதான் மூவருக்கும் தலை கால் புரியவில்லை. நம்மால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "சரிங்க. போயிட்டு வாங்க" என்றேன். அவன் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தான்.

வாயால் சொல்லி இவர்களுக்கு ஏறாது. மேசையில் ஏறட்டும். ஜூலை பத்தொன்பதுக்குள் ஒரு ஞாயிறாவது இவர்கள் தோற்க வேண்டும். ஒரே ஒரு தரம் அடிவயிறு கலங்க வேண்டும். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 15, ஞாயிறு

கோட்டை ஒன்றைக் கட்டினேன். மூன்று சுற்று மதில், முதலை விட்ட அகழி, காவலுக்கு ஊர்ப்பட்ட ஆட்கள். உள்ளே போகவே ஆவணி ஆகும் என்று நினைத்தேன்.

திரு காதைச் சொறிந்துகொண்டே, "நிழல் தலப்பா கட்டிக்கிட்டு வாசலுக்குப் போறானுங்க. வரி வசூல் பண்ண வந்துருக்கேங்கறானுங்க" என்றான்.

டைஸ் உருண்டது. பதினெட்டு. காவல்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொண்டார்கள். வேறு என்ன செய்வார்கள், நானாக இருந்தாலும் ஒளிந்திருப்பேன். சட்டென்று ஒரு தளபதியை உண்டாக்கி, இவன் வரிக்கெல்லாம் பயப்படாத ஆள் என்றேன். ஃபர்ஸானா அவனுக்குப் பல் வலி வரவழைத்தாள். இருபது விழுந்தது. தளபதி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மூவரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் ஆத்திரம்.

போகும்போது திரு புதிதாக வாங்கிய கயிற்றைக் காட்டினான். ஒன்றுதான் வாங்கியிருக்கிறான். இன்னொன்று வேண்டாமா என்றேன். "எதுக்குங்க, அந்தப் பக்கந்தான் நவநீ நிப்பானே" என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

மேற்கே இருட்டிக்கொண்டு கிடக்கிறது. துணி காயவில்லை. முட்டி வீங்கியிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டேன். உப்பளத்தின் நடுவில், கட்டிய துணியோடு கண் விழிக்கிறீர்கள், சுற்றிலும் பசித்த நாய்க்கூட்டம் என்று ஆரம்பித்தேன். உப்பை அள்ளி நாய்களின் கண்ணில் எறிந்தார்கள். நாய்க்கூட்டத்துக்குத் தலைவனாக ஒரு ஓநாயை விட்டேன். இரும்பன் வேட்டியை அவிழ்த்து அதன் தலையில் போட்டு மூடினான். ஓநாயின் பலத்தை உள்ளுக்குள் கொஞ்சம் ஏற்றினேன்.

எனக்கு முன்னால் ஒரு காலண்டர் அட்டை நிற்கும். மாஸ்டரின் டைஸ் அதற்குப் பின்னால் விழும், மற்றவர்கள் பார்க்கக் கூடாது. நான் என்ன சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். ஆனாலும் ஃபர்ஸானா கண்ணைச் சுருக்கினாள்.

"ஏன்டி, இந்த ஓநாய இப்பத்தான பெருசாக்கின?"

"இல்லையே."

"பொய் சொல்றப்ப நீ மூக்கச் சொறிவ. ஒம்பதாவதுலருந்து பாத்துட்டு இருக்கேன்."

ஓநாயைப் பழைய அளவுக்கே விட்டுவிட்டேன். செத்தது.

பாத்திரம் கழுவும்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் வேண்டுமென்று கொன்றால், 'கோகி கொன்னுட்டா' என்றுதான் பேச்சு வரும். என் மேல் கோபம் வருமே தவிர, ஒருத்தருக்கும் பயம் வராது. இவர்கள் நேர்மையாகத் தோற்க வேண்டும். அவர்களாகவே, கண்ணைத் திறந்துகொண்டே தோற்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் காரை விட்ட ஒருவரின் மனு வந்தது. முன்னால் பஸ் போனது, அதனால் நானும் போனேன் என்று எழுதியிருந்தார். இரவுச் சாப்பாட்டில் இதை நவநீதனிடம் சொன்னேன். ஏதாவது புரியட்டும் என்றுதான் சொன்னேன்.

"அவனுக்கு ஓட்டத் தெரியல" என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

அரக்கன் வேண்டாம், கோட்டை வேண்டாம். வெறும் ஆறு. உட்கார்ந்தபிறகுதான் முடிவு செய்தேன். மழை, மாலை வெளிச்சம், கலங்கின தண்ணீர், அக்கரையில் ஊர். சந்தைக்குப் போகும் உப்புக்காரி ஒருத்தி, தன்னையும் சேர்த்து அக்கரை விடச் சொல்லிக் கேட்கிறாள். இவ்வளவுதான் கதை.

"ஆறு மட்டுமா?" என்று திரு ஏமாந்து போனான். "உள்ள ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"தண்ணி கெடக்குது."

கணுக்காலில் தொடங்கி மார்பளவு வரை ஏற்றினேன். ஒவ்வொரு அடிக்கும் டைஸ் போடச் சொன்னேன். பதினாறு, பதினேழு, பத்தொன்பது. இவர்கள் வீட்டில் டைஸுக்குப் பால் ஊற்றி வளர்க்கிறார்களா என்ன. நடு ஆற்றில் உப்புக்காரி வழுக்கினாள். "இரும்பா, அவ உன்னப் பாத்துக் கையை நீட்டறா" என்றேன். அது திட்டம் போட்டுச் சொன்னது இல்லை, வாயில் வந்தது.

நவநீதன் டைஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். திரு முதுகில் தட்டியபிறகு போட்டான். பதினெட்டு. "புடிச்சுட்டேன்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். உடனே மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான். மோட்டார் ஓடவில்லை.

மூவரும் அக்கரை சேர்ந்தார்கள். உப்பு மூட்டைகூட நனையவில்லை.

ஜூலை 2, புதன்

முட்டி: இன்று படி ஏறினேன். எட்டாவது படியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிரிசில்லா மேடம் காலை மடக்கிக்கொண்டே, "எப்பிடித்தான் விழுந்தீங்க? இந்தத் தசைநார் சும்மா வழுக்கி விழுந்தா கிழியாதே" என்றார். தாண்டும்போது விழுந்தேன் என்றேன். அவர் விடவில்லை. எதிலிருந்து எதற்கு, எந்தக் கால் முதலில் என்று கேட்டார். சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு பாறை, நடுவில் தாண்டுகிற அகலத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு பிளவு. எல்லோரும் தாண்டிவிட்டார்கள். நான் கடைசி. ஃபர்ஸானாவும் திருவும் மேலே போய்விட்டார்கள், நவநீதன் மட்டும் எதிர்ப் பாறையில் எனக்காக நின்றான். "குதி, நான் இருக்கேன்" என்றான். குதித்தேன். அவன் கை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது. அவ்வளவுதான்.

"கையைப் புடிச்சு வழுக்கினா தோள்பட்டை இழுத்துருக்குமே, தோள்ல ஒண்ணும் இல்லையா?" என்றார் மேடம்.

தோளில் ஒன்றும் இல்லை என்றேன். ஈரக் கை. அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஒருத்தியைக் கொன்றுவிட்டேன். நேர்மையாக.

இடிந்த பாலம், இருபக்கமும் எதிரிகள், தப்பிக்க ஒரே வழி, அதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். ஃபர்ஸானா எப்போதும்போல் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். டைஸில் இரண்டு விழுந்தது. தப்பிக்க இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன், மூன்று. சுழலி பாலத்தோடு போனாள். நான் அட்டையை எடுத்துவிட்டு என் டைஸையும் காட்டினேன், ஒளிவு மறைவு இல்லை என்று.

திரு எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். ஆச்சு, இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஃபர்ஸானா ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். "சரி. சுழலிக்கு ஒரு அண்ணன் மக இருக்கா. பேரு சூறாவளி. அத்தையவிட மந்திரம் ஜாஸ்தி" என்று எழுத ஆரம்பித்தாள். காபி வருவதற்குள் சூறாவளி வந்து அத்தையின் இடத்தில் உட்கார்ந்து, எதிரிகளைப் பொசுக்கி, அத்தையின் மோதிரத்தையும் மாட்டிக்கொண்டாள். ஒருத்தரும் அழவில்லை. கருமாதிக்கு வடை உண்டா என்று திரு கேட்டான்.

இத்தனை வருஷம் இந்த விளையாட்டை நடத்துகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். இந்த மேசையில் சாவுக்கு ஒரு வெள்ளைத் தாள்தான் விலை. நான் எத்தனை பேரைக் கொன்றாலும் அத்தனை அண்ணன் மகள்கள் வருவார்கள்.

இன்னும் ஒரே ஞாயிறுதான் இருக்கிறது. என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

நவநீதனின் மலையேறும் ஷூவில் இடது கால் ஷூவை மட்டும் அரிசி டிரம்மில் போட்டு மூடி வைத்தேன். வயது முப்பத்தாறு எனக்கு. சாயங்காலம் அவனே எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு, வலதுக்குப் பக்கத்தில் வைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தினமும் காலையில் பார்க்கில் ஓடுகிறான். இதற்கு முன்னால் எந்த மலைக்கும் இப்படி ஓடியதில்லை. சட்டை நனைந்து வந்து நிற்கும்போது முகத்தில் சந்தோஷம் இல்லை. பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருக்கிறான்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. எழுந்து, காலண்டர் அட்டையை நவநீதன் முன்னால் வைத்தேன்.

"இன்னைக்கு நீ மாஸ்டர். நான் ஆடறேன்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அலுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவன் வெட்கப்பட்டான், பிறகு குஷியாகிவிட்டான். எடுத்த எடுப்பில் ஆளுக்கொரு தங்க வாள் கொடுத்தான். புதையல் குகை ஒன்றைத் திறந்துவிட்டான். "இப்பிடி ஒரு மாஸ்டர் இத்தன நாளா எங்கடா இருந்த" என்று திரு கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று நவநீதன் கேட்டான். ஒரு பொம்பளை, அது போதும் என்றேன்.

"உனக்கும் தங்கம் இருக்கு, எடுத்துக்க."

"தங்கம் வேண்டாம். நான் ஒரு பாறை மேல நிக்கறேன். முன்னாடி பிளவு. தூறிட்டு இருக்கு. எதிர்ப் பாறைல யாராச்சும் இருக்காங்களா?"

புதையலை விட்டு எதற்கு வெளியே போகிறாய் என்றாள் ஃபர்ஸானா. நவநீதன் அட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் மாஸ்டர் பதில் சொல்ல வேண்டும்.

"இரும்பன் இருக்கான்" என்றான்.

"என்ன சொல்றான்?"

"குதிங்கறான்."

"குதிக்கறேன்." டைஸ் போட்டேன். பதினொன்று. குதிக்க அது போதும். "பாறை நுனி வரைக்கும் வந்துட்டேன். அவன் புடிக்கணும். புடிக்கறானான்னு மாஸ்டர் போட்டுப் பாக்கணும்."

அட்டைக்குப் பின்னால் அவன் போட்டான். டைஸ் உருண்டு நிற்கிற சத்தம் கேட்டது. அவன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்றா வந்துது?" என்றான் திரு. "சொல்லித் தொல."

நவநீதன் அட்டையைத் தூக்கி மேசையில் படுக்க வைத்தான். இருபது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. எப்பேர்ப்பட்ட அரக்கனும் சாய்கிற எண்.

"அப்பறம் என்ன, அலுங்காமப் புடிச்சாச்சு" என்றாள் ஃபர்ஸானா.

"இல்ல" என்றான் நவநீதன். "இரும்பன் கையை நீட்டல."

"இருபது விழுந்தா எப்பிடிரா நீட்டாம இருப்பான்? ரூல் தெரியாதா உனக்கு?" என்றான் திரு.

"நீட்டலைன்னா நீட்டல. பின்னால இழுத்துக்கிட்டான்."

குரல் உடைந்திருந்தது. ஃபர்ஸானா என்னைப் பார்த்தாள், என் முட்டிப் பட்டையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். திருவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தான்.

நவநீதன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். ஃபர்ஸானா என்னிடம் மெதுவாக, "உனக்குத் தெரியுமாடி?" என்றாள்.

தெரியும் என்றேன். அந்தரத்தில் இருந்தவள் நான். வேறு எதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அந்தக் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

முட்டியைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

நேற்று ஃபர்ஸானா போகும்போது, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். பதிலை இங்கே எழுதுகிறேன். அவனாகச் சொல்வான் என்று காத்திருந்தேன். மார்ச் போனது, ஏப்ரல் போனது. தூக்கிவந்த கதை வளர்ந்துகொண்டே போனது. அவன் அந்தக் கதையைச் சிரிக்காமல் கேட்பான். நான் மட்டும் கவனித்திருக்கிறேன்.

நீலிப்பள்ளத்தில் எத்தனை தண்ணீர் ஓடினால் எனக்கென்ன. எனக்குப் பயம் இவன்தான். இந்த முறை எவர் கால் வழுக்கினாலும், கயிறு இருக்கிறதா, பிடி இருக்கிறதா என்று பார்க்காமல் பின்னாலேயே பாய்ந்துவிடுவான். பிப்ரவரிக்கு ஈடு கட்டுவதற்காகவே பாய்வான். அதற்குத்தான் தினமும் பார்க்கில் ஓடுகிறான். எனக்குப் போனது ஒரு முட்டி. அதற்குப் பதிலாக ஒரு உயிர் எனக்கு வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

அவன் பை கட்டி கதவோரம் வைத்திருக்கிறான். போகிறாயா என்று கேட்க வாய் வரை வந்தது. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

ஜூலை 19, சனி

ஐந்தரைக்குத் திருவின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. நவநீதன் ஷூ மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மாடிதான், பேசுவது கேட்கும்.

பையை ஜீப்பில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். ஃபர்ஸானா முன் சீட்டிலிருந்து, "கயித்துக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறது?" என்று கேட்டாள். எப்போதும் நிற்பது அவன்தான். அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"நான் நிக்கல" என்றான் நவநீதன்.

"அட, நீ புடிப்படா" என்றான் திரு.

"புடிப்பேன்னுதான் அன்னைக்கும் நெனச்சேன். கையி கேக்கல. இப்ப கேக்கும்னு என்னால சொல்ல முடியாது. யாராச்சும் வழுக்கினா நானும் விழுந்துருவேன், அது மட்டும் தெரியும். அதச் சொல்லாம உங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு வந்தேன்."

வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. திரு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தன் கையைப் பற்றி ஏதோ ஓடியிருக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

"எனக்கும் தெரியாதுடா" என்றான். "அன்னைக்கு அங்க நான் நின்னுருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு ஞாயித்துக்கெழமையிலருந்து யோசிக்கறேன். சத்தியமாத் தெரியல."

மூன்று பேரும் படியேறி வந்தார்கள். திரு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாஸ்டருங்க, இட்லி இருக்குங்களா?" என்றான். ஊற்றிக்கொண்டே இருந்தேன், தின்றுகொண்டே இருந்தார்கள். பள்ளத்தில் இன்று எவ்வளவு தண்ணீர் என்று யாரும் விசாரிக்கவில்லை. கணுக்கால் அளவுதான் ஓடியதோ என்னவோ.

ஜூலை 20, ஞாயிறு

வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று மணிக்கு மணி அடித்தது. நான் என் நாற்காலிக்குப் போவதற்குள் நவநீதன் அதில் உட்கார்ந்துவிட்டான். அட்டையை எடுத்து ஓரமாக வைத்தான்.

போன ஞாயிறு குதித்த அந்தப் பொம்பளை இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறாள். மாஸ்டர் பாதியில் எழுந்து போனால் கதை போன இடத்திலேயே நிற்கும். ஒரு வாரமாக அவளை அங்கே விட்டு வைத்திருந்தோம்.

"அவ விழறா" என்றான். "இரும்பன் மேலருந்து பாக்கறான்."

"அப்பறம்?" என்றேன்.

"எறங்கறான். பாறையில கையி காலெல்லாம் செராச்சுட்டு எறங்கறான். அவ கால் திரும்பிக் கெடக்குது."

"வந்து என்ன சொல்றான்?"

பிப்ரவரியில் அவன் வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கை வழுக்கிடுச்சு கோகி, கை வழுக்கிடுச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நானும் ஆமாம், வழுக்கிடுச்சு என்றேன். அவன் முகம் அப்போது அப்படி இருந்தது.

இன்று அவன் வாய் திறப்பதற்குள் காபியில் ஆடை கட்டிவிட்டது. ஃபர்ஸானாவும் திருவும் மேசை விரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"'பயந்துட்டேன்'ங்கறான்" என்றான் நவநீதன். "'நீ இழுத்த இழுப்புல நானும் உள்ள வந்துருவேன்னு பயந்துட்டேன். கையை நீட்டணும்னு தெரியும். நீட்டல.' இவ்வளவுதான் சொல்றான். அழறான்."

அழுதது இரும்பன் மட்டும் இல்லை. நவநீதன் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. இந்த ஐந்து மாதமும் நான் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்கு. அது வந்தபிறகு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சந்தோஷம் இல்லை. கழுத்தில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்ததுபோல் மூச்சு மட்டும் சீராக வந்தது.

திருவால் சும்மா இருக்க முடியாது. டைஸை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். "அந்தப் பொம்பள அவன மன்னிக்கறாளாங்க? போட்டுப் பாத்துருங்க மாஸ்டர்."

நான் டைஸைத் தொடவில்லை.

"அது போட்டுப் பாக்கற விஷயம் இல்ல திரு" என்றேன். "அவளுக்குக் கால் வலிக்குது. மொதல்ல அவளத் தூக்கச் சொல்லு."